சுவர் வேற, வெளிச்சம் வேற: ஸ்ரீவில்லிபுத்தூர் சுதையிலிருந்து சப்ஸ்டன்ஸ் பெயின்டர் வரை

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்துவிட்டு, வாசிக்க வசதியாகச் சற்றே செப்பனிட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு போட்டோவிலிருந்து தொடங்குது.

என் சித்தி கல்யாணத்துல எடுத்த போட்டோ. இடம் ராஜபாளையம், எங்க அப்பத்தா வீட்டுப் பட்டாசாலை. நடுவுல பொண்ணும் மாப்பிள்ளையும் நிக்கிறாங்க. ஓரத்துல யாரோ ஒரு குழந்தை அழுதுக்கிட்டு இருக்கு. எனக்கு இவங்க யாரும் வேண்டாம். இவங்களுக்குப் பின்னாடி தெரியுற சுவர்தான் வேணும்.

அது சுண்ணாம்புச் சுவர். பெயின்ட் கிடையாது. தேய்ச்சுத் தேய்ச்சு மெருகேத்தின சுவர். சித்திரை வெயில்ல கன்னத்தை வெச்சா ஜில்லுனு இருக்கும். மத்தியானம் முற்றத்து வழியா வெளிச்சம் வந்தா, நடந்து போற ஆளோட உருவம் மங்கலா அதுல கூடவே நடக்கும். அந்த வீட்டை வித்தாச்சு, இடிச்சாச்சு. இப்போ அங்க ஒரு காம்ப்ளெக்ஸ் நிக்குது.

நான் சென்னையில டெக்ஸ்சர் ஆர்ட்டிஸ்ட். கேம்களுக்கும் படங்களுக்கும் 3டி பொருட்களுக்கு மேற்பரப்பு போடுறதுதான் வேலை. போன வருஷம் ஊருக்குப் போனப்போ அப்பத்தா கேட்டாங்க: “ஏய்யா, நீ கம்ப்யூட்டர்ல வீடெல்லாம் கட்டுவியாமே. நம்ம வீட்டைக் கட்டேன். ஒரு தடவை பாத்துக்கிறேன்.”

அப்பத்தாவுக்கு 80 தாண்டிடுச்சு. “அது கஷ்டம் அப்பத்தா”ன்னு சொல்ல முடியுமா? சரின்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம்தான் எவ்வளவு கஷ்டம்னு புரிஞ்சது. வீட்டோட அளவு ஞாபகத்துல இருக்கு, தூண் எத்தனைன்னு தெரியும். மாடல் பண்றது பிரச்சினையே இல்லை. அந்தச் சுவரோட மேற்பரப்பைக் கொண்டு வர என்கிட்ட இருந்த ஒரே ஆதாரம் இந்தப் போட்டோ. இதுல சுவர் நடுவுல ஃபிளாஷ் வெள்ளையா வெடிச்சிருக்கு. மாப்பிள்ளையோட நிழல் பின்னாடி விழுந்திருக்கு. போதாததுக்கு பிரின்ட் பழசாகி எல்லாமே மஞ்சளடிச்சிருக்கு. இதுல எது சுவர், எது ஃபிளாஷ், எது காகிதத்தோட வயசு?

இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு பெரிய வரலாறு இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

காலண்டரில் இருக்கிற வெளிச்சம்

எங்க ஊர்ல இருந்தே ஆரம்பிக்கலாம். ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்ல ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்துல சிவகாசி. இன்னும் தெற்கே இறங்கினா கோவில்பட்டி. தமிழ்நாட்டு வீடுகளில் தொங்கிய சாமி காலண்டர்களின் பெரும் பகுதி இந்த வட்டாரத்தில் பிறந்ததுதான்.

கோவில்பட்டியில் இருந்தவர் சி. கொண்டையராஜு. 1898-ல் பிறந்தவர், 1976-ல் மறைந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தவர். 1940-களில் கோவில்பட்டியில் தங்கி, தன்னைச் சுற்றி ஒரு சீடர் கூட்டத்தையே உருவாக்கினார். அவர்கள் வரைந்த லட்சுமியும் முருகனும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசி அச்சகங்களில் அச்சாகி வீடு வீடாகப் போயின.

அந்தப் படங்களில் நகையைக் கவனிச்சிருக்கீங்களா? ஒரு ஒட்டியாணம் தகதகன்னு மின்னும். ஆனா காகிதத்துல தங்கம் ஒரு பொட்டுகூட இல்லை. கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் பழுப்பு, ஓரத்துல ஒரு வெள்ளைத் தீற்று. அந்த வெள்ளைத் தீற்றுதான் வெளிச்சம். விளக்கை எங்கே வைக்கணும்னு ஓவியரே முடிவு பண்ணி, அந்த வெளிச்சத்தை நிறத்துக்குள்ளேயே கலந்து வரைஞ்சிட்டார். நீங்க காலண்டரை இருட்டு மூலையில மாட்டினாலும் சரி, வாசல்ல மாட்டினாலும் சரி, அந்த மின்னல் அதே இடத்துலதான் இருக்கும்.

எங்க தொழில்ல இதுக்கு ஒரு பேர் உண்டு: வெளிச்சத்தை ‘பேக்’ பண்றது. பழைய கேம்கள் எல்லாமே இப்படித்தான். ஆர்ட்டிஸ்ட் ஒரு கல்லை வரையும்போதே அதோட நிழலையும் பளபளப்பையும் சேர்த்து வரைஞ்சிடுவார். அதுல ஒரு தனி அழகு இருக்கு, நான் அதைக் குறை சொல்ல வரலை. ஆனா சூரியன் நகர்ந்தா அந்தப் படம் நகராது.

தஞ்சாவூர்க்காரர்கள் செய்தது வேற

இப்போ தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கோங்க. பலகையில துணி ஒட்டி, அதுமேல சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சு. நகை வர்ற இடங்களை அதே கலவையால மேடாக்குவாங்க. மேட்டுக்கு மேல தங்க ரேக் ஒட்டி, கல் பதிப்பாங்க. மீதி இடத்துலதான் வண்ணம்.

இதுல வெளிச்சத்தை யாரும் வரையலை. மேடு இருக்கு, உலோகம் இருக்கு, மங்கலான வண்ணம் இருக்கு. விளக்கை நீங்க ஏத்துங்க, மின்னல் தானா வரும். விளக்கைக் கையில எடுத்துக்கிட்டு நகர்ந்தா மின்னலும் கூடவே நகரும்.

ஆக, நம்ம ஊர் ஓவியங்களிலேயே ரெண்டு வழி இருந்திருக்கு. வெளிச்சத்தோடு சேர்த்து வரையறது ஒண்ணு. பொருளை மட்டும் வெச்சிட்டு வெளிச்சத்தை வெளியே விட்டுடறது இன்னொண்ணு. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் முதல் வழியில ஆரம்பிச்சு ரெண்டாவது வழிக்கு வந்து சேர கிட்டத்தட்ட 40 வருஷம் ஆச்சு.

நாற்பது வருஷக் கதை

1974. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகம். எட் கேட்மல் என்ற மாணவர் தன் முனைவர் ஆய்வில், ஒரு படத்தை வளைந்த 3டி பரப்பின் மேல் போர்த்துவது எப்படின்னு காட்டினார். இதுதான் டெக்ஸ்சர் மேப்பிங். பின்னாளில் பிக்ஸாரைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அப்போ போர்த்த முடிஞ்சது நிறத்தை மட்டும்தான்.

1978-ல் ஜிம் பிளின் மேடு பள்ளத்தைச் சேர்த்தார். உண்மையில் பரப்பு சமதளமாகவே இருக்கும். ஆனால் ஒளியைக் கணக்கிடும்போது மட்டும் அங்கே மேடு இருக்கிற மாதிரி ஏமாத்துவார். ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பெல்லாம் அப்படி வந்ததுதான். நாங்க இன்னைக்கு நார்மல் மேப்னு சொல்றதுக்கு இது முன்னோடி.

1982-ல் ராபர்ட் குக்கும் கென்னத் டாரன்ஸும் எழுதிய ஒரு கட்டுரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதுவரைக்கும் கம்ப்யூட்டர் வரைஞ்ச எல்லாமே ஏன் பிளாஸ்டிக் மாதிரி இருக்குன்னு அதுல விளக்கினாங்க. பிளாஸ்டிக்ல வெளிச்சம் பட்டுத் தெறிக்கிற இடம் வெள்ளையா இருக்கும். பிளாஸ்டிக் சிவப்பா இருந்தாலும் பச்சையா இருந்தாலும், விளக்கு வெள்ளைன்னா தெறிப்பும் வெள்ளைதான். உலோகம் அப்படி இல்லை. தங்கத்துல தெறிப்பே மஞ்சளா இருக்கும், செம்புல தெறிப்பே செந்நிறமா இருக்கும். கலசத்தையும் தங்கக் கலர் பெயின்ட் அடிச்ச பிளாஸ்டிக் குடத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, புரியும். சப்ஸ்டன்ஸ் பெயின்டர்ல ‘மெட்டாலிக்’னு ஒரு சேனல் இருக்கே, அது கேக்கிற கேள்வி இவ்வளவுதான்: இது உலோகமா, இல்லையா?

1985-ல் கென் பெர்லின், கம்ப்யூட்டர் பரப்புகள் ரொம்ப வழவழன்னு இருப்பது பிடிக்காமல் தான் உருவாக்கிய ‘நாய்ஸ்’ முறையை வெளியிட்டார். ‘ட்ரான்’ படத்தில் வேலை பார்த்த அனுபவத்திலிருந்து பிறந்தது அது. ஒழுங்கில்லாத, ஆனால் இயற்கையாகத் தெரியும் ஒரு கலங்கல். மேகம், பளிங்கு, அழுக்கு எல்லாத்துக்கும் அதுதான் விதை. 1997-ல் அதுக்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைச்சது.

இப்போ முக்கியமான வருஷம், 1990. பாட் ஹன்ரஹானும் பால் ஹேபெர்லியும் ஒரு மென்பொருளைச் செஞ்சு காட்டினாங்க. திரையில ஒரு 3டி உருவம் இருக்கும், நேரா அதுமேலயே பிரஷ்ஷால வரையலாம். அந்தப் பிரஷ்ஷில் இருந்தது வெறும் நிறம் இல்லை. பளபளப்பு, சொரசொரப்பு, தடிமன் எல்லாம் இருந்தது. அதாவது, பிரஷ்ஷை ஒரு பொருளில் முக்கி எடுத்து வரையறது. நான் தினமும் ஆபீஸ்ல செய்ற வேலையோட அடிப்படை யோசனை முழுசா அந்தக் கட்டுரையிலேயே இருக்கு. ஆனா அன்னைக்கு இதைச் செய்ய விலையுயர்ந்த கம்ப்யூட்டர்கள் வேணும். சாதாரண ஆர்ட்டிஸ்ட் கைக்கு வரலை.

2001-ல் அதே ஹன்ரஹான், ஹென்ரிக் வான் யென்சன், ஸ்டீவ் மார்ஷ்னர், மார்க் லெவாய் ஆகியோருடன் சேர்ந்து இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். பளிங்கு, பால், தோல் மாதிரி பொருட்களில் வெளிச்சம் மேலே பட்டுத் திரும்புவதில்லை. கொஞ்சம் உள்ளே போய், சுத்தித் திரிஞ்சு, வேற இடத்துல வெளியே வருது. அவங்க செஞ்சு காட்டின உதாரணங்களில் ஒண்ணு ஒரு டம்ளர் பால். அதைப் பார்த்ததும் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாதான் ஞாபகம் வந்துச்சு. இலையில வெச்ச பால்கோவாவோட ஓரத்தை ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. ஓரம் லேசா ஒளிரும். வெள்ளை பெயின்ட்டுல அந்த மென்மை வரவே வராது. (சிரிப்பு) பசியில சொல்லலை, நிஜமாவே சொல்றேன்.

2012-ல் டிஸ்னியின் பிரென்ட் பர்லி, ‘ரெக்-இட் ரால்ஃப்’ படத்துக்காக உருவாக்கின முறையை எல்லாருக்கும் வெளியிட்டார். இயற்பியல் தெரியாத ஓவியரும் புரிஞ்சுக்கிற மாதிரி சில ஸ்லைடர்கள். நிறம் இது, உலோகமா இல்லையா, சொரசொரப்பு எவ்வளவு. பெரும்பாலும் எல்லாம் 0-விலிருந்து 1-க்குள். கேம் உலகமும் அதைப் பிடிச்சுக்கிச்சு.

2014-ல் சப்ஸ்டன்ஸ் பெயின்டர் வந்தது. செஞ்சது அலெகோரித்மிக், பிரான்சில் கிளெர்மோன்-ஃபெரான் என்ற ஊரிலிருந்து இயங்கிய நிறுவனம். 2019-ல் அடோபி அதை வாங்கிக்கிச்சு. இப்போ ஒரு காலேஜ் ஸ்டூடன்ட்கூட லேப்டாப்ல ‘துருப்பிடிச்ச இரும்பு’னு ஒரு மெட்டீரியலை எடுத்து ஒரு வாளி மேல இழுத்து விடலாம். நிறம், சொரசொரப்பு, மேடு, உலோகத்தன்மை எல்லாம் ஒரே தீற்றுல இறங்கும்.

ரெண்டு சூரியன்

இவ்வளவும் தெரிஞ்சவன்தான் நான். இருந்தும் ஒரு தடவை நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு கேமுக்குத் தென்னிந்தியக் கோபுரம் ஒண்ணு வேணும்னாங்க. நான் பெருமையா ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை மாதிரியா எடுத்தேன். வடபத்ரசாயி கோயிலோட ராஜகோபுரம், 11 நிலை, 192 அடி. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் இதுதான்னு எங்க ஊர்ல சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அது மதுரை மீனாட்சி கோயிலோட மேற்குக் கோபுரம்னு வாதாடுறவங்களும் உண்டு. அந்தச் சண்டைக்கு இன்னொரு எபிசோட் வெச்சுக்கலாம்.

காலையில போய் கேமராவுல சுட்டுத் தள்ளினேன். அந்தப் படங்களையே வெட்டி மாடல் மேல ஒட்டினேன். பார்க்க அச்சு அசலா இருந்துச்சு. ஆனா கேம்ல நேரம் சாயங்காலம், சூரியன் மேற்கே. என் போட்டோவுல மாடங்களுக்குள்ள விழுந்திருந்த நிழலோ காலை வெயிலோட நிழல். டீம் லீட் ஸ்கிரீனைப் பார்த்துட்டு, “தம்பி, உன் கோபுரத்துல ரெண்டு சூரியன் இருக்கு”ன்னார்.

சரின்னு போட்டோவையெல்லாம் தூக்கிட்டு, ஒரே க்ரீம் நிறம், ஒரே ரஃப்னெஸ் கொடுத்து மறுபடி செஞ்சேன். இப்போ பொம்மைக் கடையில விக்கிற கோபுரம் மாதிரி ஆயிடுச்சு.

அடுத்த லீவுல ஊருக்குப் போய், கேமராவே எடுக்காம ஒரு நாள் முழுக்க மாட வீதியில உக்காந்து பார்த்தேன். மதுரைக் கோபுரத்துல பொம்மைகள் நெருக்கியடிச்சு நிக்கும், கண் பொம்மைகளிலேயே நின்னுடும். இங்க உருவங்கள் குறைவு. தூண், மாடம், கொடுங்கைன்னு கோடுகள்தான் அதிகம். அதனால மேற்பரப்பு என்ன பண்ணுதுன்னு நல்லாத் தெரியுது. கொடுங்கைக்குக் கீழே மழைத்தண்ணி வழிஞ்ச கறுப்புக் கோடு. புறா உக்கார்ற விளிம்புல மட்டும் வேற மாதிரி அழுக்கு. மழை நேரா அடிக்கிற பக்கம் பூச்சு தேஞ்சு சொரசொரப்பா இருக்கு. ஒதுக்கமான பக்கத்துல இன்னும் வழவழப்பு இருக்கு.

சப்ஸ்டன்ஸ் பெயின்டர்ல ஸ்மார்ட் மெட்டீரியல்னு ஒண்ணு உண்டு. மாடலோட விளிம்பு எங்கே, பள்ளம் எங்கேன்னு கணக்குப் போட்டு, விளிம்பைத் தேய்ச்சு, பள்ளத்துல அழுக்கைத் தானா நிரப்பிடும். ரொம்ப வசதி. ஆனா எல்லா விளிம்பும் ஒரே மாதிரி தேயும். அதுக்கு ஐப்பசி மழை எந்தப் பக்கம் இருந்து அடிக்கும்னு தெரியாது, புறாவுக்கு எந்த விளிம்பு பிடிக்கும்னும் தெரியாது. அதையெல்லாம் நாமதான் மாஸ்க் போட்டுக் கையால வரையணும்.

சுண்ணாம்பு என்ற பொருள்

அந்தப் பயணத்துலதான் பழைய கொத்தனார் ஒருத்தர்கிட்ட பேசக் கிடைச்சது. வயசானவர், இப்போ வேலைக்குப் போறதில்லை. பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சும் மெருகும் போட்டவர்.

சுண்ணாம்பு எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமாச் சொல்லிடறேன். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில சுட்டா அதுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு போயிடும். சுட்ட கல்லுல தண்ணி ஊத்தினா கொதிச்சுப் பொங்கி நீறும். அதை மணலோட செக்குல போட்டு அரைப்பாங்க. கடுக்காய் ஊறின தண்ணி, வெல்லத் தண்ணி சேர்ப்பாங்க. சுவருக்கு வந்த பிறகு அது காத்துல இருந்து கார்பன் டை ஆக்சைடை மெதுவா வாங்கி மறுபடி சுண்ணாம்புக் கல்லாவே மாறும். சுவர்ல பூசினது, வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாக் கல்லாகுது.

கடைசிப் பூச்சு ரொம்ப மெல்லிசு. நைஸா அரைச்ச சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, ஈரம் காயுற பதத்துல கூழாங்கல்லால தேய்ப்பாங்க. செட்டிநாட்டு வீடுகளில் இன்னைக்கும் பார்க்கலாம். அந்தக் காலத்துல சென்னைக்கு வந்த ஐரோப்பியர்கள் இந்தப் பூச்சைப் பார்த்துட்டு பளிங்குன்னே நினைச்சாங்க. ‘மெட்ராஸ் சுனம்’னு அதுக்குப் பேரே வெச்சாங்க. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரோட மதுரை அரண்மனைத் தூண்களும் வளைவுகளும் இதே மரபுல வந்ததுதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவர் பேர்ல ஒரு மஹால் இருக்கு.

அந்தப் பெரியவர் ஒண்ணு சொன்னார்: “வெள்ளையடிக்கிறது வேற, மெருகு போடுறது வேற தம்பி. நிறம் சுண்ணாம்போடது. பளபளப்பு கையோடது.”

எனக்கு உடனே ஸ்லைடர் கண்ணு முன்னாடி வந்துச்சு. பேஸ் கலர் தனி, ரஃப்னெஸ் தனி. நாங்க 2012-க்கு அப்புறம் பிரிச்சு எழுதினதை அவர் கையாலேயே பிரிச்சு வெச்சிருந்தார். அவர்கிட்ட இன்னொரு சேனலும் இருந்துச்சு. கை எட்டுற தூரத்துக்கு வளைவு வளைவாத்தான் தேய்க்க முடியும். அதனால மெருகுச் சுவரைச் சாய்வா வெச்ச விளக்குல பார்த்தா, கொத்தனாரோட கைநீளம் தெரியும்னார்.

அன்டூ இல்லாத லேயர்

அப்புறம் என்ன ஆச்சு? சிமென்ட் வந்துச்சு. இதுலயும் எங்க ஊருக்குப் பங்கு உண்டு. இன்னைக்கு ராம்கோ சிமென்ட்ஸ்னு அறியப்படும் மெட்ராஸ் சிமென்ட்ஸ் 1957-ல் தொடங்கினது. தொடங்கியவர் ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.ஏ.சி. ராமசாமி ராஜா. எங்க வீடுகள்ல பாதிக்கு அந்த மூட்டைதான் வந்து இறங்கியிருக்கும்.

சிமென்ட்டை வில்லனாக்க நான் தயாரில்லை. சுண்ணாம்பு அரைக்க ஆள் வேணும், மாடு வேணும், நாள் கணக்குல காத்திருக்கணும். சிமென்ட் சில மணி நேரத்துல இறுகிடும். கூரை வீட்டுல இருந்தவங்களுக்கு மழை ஒழுகாத வீடு கிடைச்சதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு. ஆனா அதே வேகத்துல பழைய சுண்ணாம்புச் சுவர்கள் மேலயும் சிமென்ட் ஏறுச்சு, அதுமேல எனாமல் பெயின்ட் ஏறுச்சு. சுண்ணாம்பு மூச்சு விடுற பொருள். ஈரத்தை வாங்கும், வெளியே விடும். மேல ஒரு பிளாஸ்டிக் படலத்தைப் போட்டா ஈரம் உள்ளேயே மாட்டிக்கும், பூச்சு உப்பிக்கிட்டு பெயர்ந்து வரும். கண்ணுக்குத் தெரியுற மாற்றம் வேற. சுண்ணாம்புல மெத்துனு பரவுற வெளிச்சம் எனாமல்ல வெள்ளை வெள்ளையாத் தெறிக்கும்.

கோயில்களுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் பண்றது வழக்கம். சுதை உடைஞ்சிருந்தா சரி பண்ணி, புதுசா வண்ணம் அடிப்பாங்க. அது அழியாம இருக்கக் காரணமே இப்படித் திரும்பத் திரும்பப் பூசுறதுதான். அதனால ‘பழசைத் தொடாதே’ன்னு சொல்றது எனக்குச் சரியாப் படலை. கேள்வி, எதால பூசுறோம், பூசுறதுக்கு முன்னாடி இருந்ததை எழுதி வெச்சோமா என்பதுதான்.

எங்க சாஃப்ட்வேர்ல ஒரு லேயர் பிடிக்கலைன்னா கண் மாதிரி இருக்கிற ஐகானை அமுக்கினாப் போதும், அடியில இருக்கிறது அப்படியே இருக்கும். சுவர்ல அந்தக் கண் கிடையாது. சுரண்டினா அடியில இருந்ததும் சேர்ந்து போகும். கோயில் கற்சுவர்களை மணல் பீய்ச்சிச் சுத்தம் பண்ணினதுல கல்வெட்டு எழுத்தே மழுங்கிப் போச்சுன்னு எத்தனை தடவை கேட்டிருக்கோம்.

மறுபடி அந்தச் சுவர்

இப்போ அப்பத்தா வீட்டுக்கு வருவோம். ஒரே போட்டோவுல இருந்து வெளிச்சத்தை முழுசாப் பிரிச்செடுக்கிறது பெரிய கம்ப்யூட்டருக்கே கஷ்டம். நான் என்ன பண்ணேன்னா, போட்டோவை நிறத்துக்கு மட்டும் வெச்சுக்கிட்டேன். அதுவும் ஃபிளாஷ் படாத ஒரு கையகல இடம் மட்டும். மீதியை ஆட்கள்கிட்ட கேட்டேன்.

கொத்தனார் சொன்ன கைநீளத்துக்கு வளைவு வளைவா ரஃப்னெஸ்ஸை வரைஞ்சேன். சித்தப்பா, முற்றத்துப் பக்கம் மழைச்சாரல் அடிச்சு ஒரு முழ உயரத்துக்கு மெருகு போயிருந்துச்சுன்னார். நான் சின்ன வயசுல சுவரைத் தொட்டுக்கிட்டே ஓடின உயரம் எனக்கே தெரியும், அங்க கொஞ்சம் பளபளப்பைக் கூட்டினேன். மேட்டுக்கு மெல்லிசா ஒரு நாய்ஸ். உள்ளே கொஞ்சம் வெளிச்சம் புகுற மாதிரி, பால்கோவா கணக்குல, ஒரு சின்ன அளவு. முற்றத்து வழியா மத்தியான வெயிலை விட்டேன்.

தீபாவளிக்குப் போனப்போ லேப்டாப்பை அப்பத்தா மடியில வெச்சேன். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. விரலால தூணைத் தொட்டாங்க, ஸ்கிரீன் அழுத்தி கலர் கலராப் போச்சு. அப்புறம் சுவரைக் காட்டி, “தாத்தா தலை சாய்ச்ச இடம் எங்கடா?”ன்னு கேட்டாங்க.

எனக்குப் புரியலை. தாத்தா தினமும் சாப்பிட்டுட்டு ரெண்டாவது தூணுக்கு நேரா சுவர்ல சாய்ஞ்சு உக்காருவாராம். தலையில எண்ணெய். முப்பது, நாப்பது வருஷம். அங்க உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை, கறுத்து, கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்குமாம். எத்தனை தடவை வெள்ளையடிச்சாலும் மறுபடி தெரியுமாம். போட்டோவுல அந்த இடத்தைச் சரியா மாப்பிள்ளை மறைச்சுக்கிட்டு நிக்கிறார்.

அங்கேயே உக்காந்து ஒரு புது லேயர் போட்டேன். நிறம் கொஞ்சம் கருப்பு, ரஃப்னெஸ் நல்லாக் குறைவு. “இன்னும் கொஞ்சம் கீழே… இடது பக்கம்… ஆங், அங்கதான்.” அப்பத்தா சொல்லச் சொல்ல நான் வரைஞ்சேன். அந்த லேயருக்கு ‘தாத்தா’ன்னு பேர் வெச்சிருக்கேன். அணைக்கலை.

கேக்குறவங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ல பழைய வீடோ, சாவடியோ, கோயில் மண்டபமோ இருந்தா ஆட்களை விட்டுட்டுச் சுவரை ஒரு தடவை படம் எடுங்க. ஃபிளாஷ் வேண்டாம். மேகம் மூடின நாள்ல எடுத்தா நிழல் விழாது, நிறம் சுத்தமாக் கிடைக்கும். அப்புறம் சாயங்காலம், வெயில் சுவரை ஒட்டிச் சாய்வா வரும்போது இன்னொண்ணு எடுங்க, மேடு பள்ளம் தெரியும். அளவுக்கு ஓரமா ஒரு ஸ்கேல் வைங்க. மூணாவதா, கொஞ்சம் நகர்ந்துக்கிட்டே ஒரு வீடியோ எடுங்க. பளபளப்பு எங்கெங்கே நகருதுன்னு அதுல பதிவாகும். வீட்டுல பெரியவங்க இருந்தா, அந்தச் சுவர்ல யார் எங்க சாய்ஞ்சாங்கன்னும் கேட்டு வெச்சுக்கோங்க.

அடுத்த எபிசோட்ல அந்த முத்திரைக் கோபுரச் சண்டையைப் பார்க்கலாம்.